கினிப்பன்றியின் நஞ்சுக்கொடி: கேள்வி பதில்

கேள்வி: கினிப்பன்றியின் கர்ப்பகாலம் எத்தனை நாள்?

பதில்: ஏறத்தாழ 65 முதல் 70 நாள். வயிற்றில் குட்டிகள் அதிகமிருந்தால் சற்று முன்னதாகவே ஈனும்.

கேள்வி: சுண்டெலியும் கொறிணி, கினிப்பன்றியும் கொறிணி. நஞ்சுக்கொடியில் அப்படியென்ன வேறுபாடு?

பதில்: தாயின் இரத்தம் கருவின் திசுவை நேரடியாக நனைப்பது இரண்டிலும் உண்டு. ஆனால், அந்த இரத்தத்துக்கும் கருவின் நுண்குழாய்களுக்கும் நடுவே சுண்டெலியில் மூன்று ட்ரோஃபோபிளாஸ்ட் (நஞ்சுக்கொடியை உருவாக்கும் கருவின் வெளிப்புறச் செல்கள்) அடுக்குகள் இருக்க, கினிப்பன்றியில் மனிதரைப் போலவே ஓர் அடுக்குதான் இருக்கிறது. நடுக்கர்ப்பத்தில் எடுத்த நஞ்சுக்கொடியைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், இரத்தம் ஓடும் மடல்களுக்கு அடியில், கருப்பைச் சுவரை ஒட்டி, மடிப்பு மடிப்பாகச் செல்கள் நெருங்கிய ஒரு பகுதி தெரியும். இதைச் சப்பிளாசென்டா என்பர். சின்சில்லா, டெகு, கேபிபாரா முதலிய உறவினங்களிலும் இது உண்டு, சுண்டெலியில் இல்லை. இங்கிருந்து புறப்படும் செல்கள் தாயின் தமனிகளுக்குள் புகுந்து, அவற்றின் தசைச்சுவரைக் குலைத்து, குழாய்களை அகலமாக்குகின்றன. கருப்பைக்கு வெளியே, அதைத் தாங்கும் சவ்விலுள்ள தமனிகள் வரை இவ்வூடுருவல் நீள்கிறது. பிரசவம் நெருங்கும்போது சப்பிளாசென்டா சிதைந்துவிடுவதால், நிறைகர்ப்ப மாதிரியில் அதைத் தேடுவது வீண்.

கேள்வி: குட்டிகளுக்கு நோய் எதிர்ப்பாற்றல் சீம்பாலில்தான் கிடைக்கிறதா?

பதில்: பெரும்பகுதி பிறப்பதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது, தாயின் எதிர்ப்பொருள்கள் கரு உணவுப்பை வழியே செல்கின்றன.

கேள்வி: தாய் நஞ்சுக்கொடியைத் தின்றுவிட்டது. ஆபத்தா?

பதில்: இல்லை, இயல்பானதே.

கேள்வி: எங்கள் கினிப்பன்றி எத்தனை நாளில் ஈனும்? வயிற்றை அழுத்திக் குட்டிகளை எண்ணலாமா?

பதில்: நாள்கணக்கு மேலேயே இருக்கிறது. அழுத்தவே கூடாது. கடைசி வாரங்களில், குறிப்பாகக் கொழுத்த தாய், தீனியை மறுத்தால் அது கர்ப்ப நச்சுநிலையின் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: ஆழமான ஊடுருவல் எலியிலும் உண்டு, மரபணுவைத் திருத்துவதற்குச் சுண்டெலி இருக்கிறது. இரண்டு மாதம் காத்திருந்து சில குட்டிகளே பெறும் கினிப்பன்றி ஆய்வுக்கு எதற்கு?

பதில்: மரபணு வசதியை மறுக்கவில்லை, எலியின் ஊடுருவல் ஆழமானது என்பதும் சரியே. ஆனால், உங்கள் ஆய்வு குறைப்பிரசவத்தைப் பற்றியதென்றால் அந்த வசதி உங்களைக் கைவிடும். எலியிலும் சுண்டெலியிலும், கர்ப்பத்தை நிலைநிறுத்தும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைக் கடைசிவரை சூலகமே சுரக்கிறது, பிரசவத்துக்கு முன் அதன் அளவு சரிகிறது. கினிப்பன்றியிலோ நஞ்சுக்கொடி அந்தப் பொறுப்பை இடையிலேயே ஏற்றுக்கொள்வதால், பின்பாதியில் சூலகங்களை அகற்றினாலும் கர்ப்பம் நிலைக்கும். மனிதரைப் போலவே, பிரசவத்துக்கு முன் இரத்தத்தில் அந்த ஹார்மோன் சரிவதுமில்லை.

கேள்வி: அப்படியானால் எல்லா ஆய்வுக்கும் கினிப்பன்றியே போதும் என்கிறீர்களா?

பதில்: நான் சொல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள். மனிதரில் தாயின் இரத்தத்தில் மிதக்கும் விரலிகள், அதாவது நஞ்சுக்கொடியின் விரல்போன்ற நீட்சிகள், உண்டு. கினிப்பன்றியிலோ பின்னிய குறுகிய வழிகளில்தான் இரத்தம் ஓடுகிறது. இரத்த ஓட்டத்தின் இயக்கவியலை ஆராய்வோர் இவ்வேறுபாட்டைப் புறக்கணிக்க முடியாது. விலங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கேள்வியைத் தேடுவதைத்தான் குறை சொல்கிறேன்.

கேள்வி: சின்சில்லாவுக்கு எத்தனை நாள்?

பதில்: ஏறத்தாழ 111. கேபிபாராவுக்கு ஏறத்தாழ 150. நாள்கணக்குக் கேள்விகள் இத்துடன் போதும்.

கேள்வி: கர்ப்பிணிக்கு வைட்டமின் சி தனியாகத் தர வேண்டுமா?

பதில்: ஆம். கினிப்பன்றியின் உடலால் அதைத் தயாரிக்க முடியாது. கர்ப்பத்தில் தேவை இன்னும் கூடும். அளவை மருத்துவரிடம் கேளுங்கள். வயிற்றை மட்டும் அழுத்தாதீர்கள்.