குட்டி தூக்கும் கயோட்டி: எந்த ஊதல் எடுபடும்?

கேள்வி: டெக்சாஸின் எட்வர்ட்ஸ் பீடபூமிப் பகுதியில் போயர் ஆடு வளர்க்கிறேன். மார்ச்சில் ஆடுகள் குட்டி போட ஆரம்பித்ததிலிருந்து கயோட்டித் தொல்லை; நரி போன்ற வட அமெரிக்கக் காட்டு விலங்கு அது. அதை வரவழைத்துச் சுட பேட்டரி ஸ்பீக்கர் வாங்கி, தினமும் சாயங்காலம் ஒரே மேட்டில் வைத்து முயல் கதறும் ஒலியைப் போட்டேன். முதலில் ஒன்று வந்தது, சுட்டேன். பிறகு ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை; குட்டிகள் மட்டும் குறைந்துகொண்டே போகின்றன. விலங்குக் குரல் எழுப்பி வரவழைக்கும் ஊதல்களில் எதை வாங்கலாம்?

பதில்: வாங்குவதற்கு முன், செத்த குட்டி ஏதாவது கிடைத்தால் தொண்டைப் பக்கத் தோலை உரித்துப் பாருங்கள். தாடைக்குக் கீழே பல் துளைகளும், தோலுக்கு அடியில் ரத்தக்கட்டும் இருந்தால் கயோட்டிதான். கடித்த இடத்தில் ரத்தக்கட்டே இல்லையென்றால் குட்டி வேறு காரணத்தால் செத்திருக்கிறது, கயோட்டி பிறகு வந்து தின்றிருக்கிறது. தொடை, காது, விலா என்று கண்டபடி கிழிந்து, ஒரே இரவில் பல ஆடுகள் காயப்பட்டிருந்தால் நாய்களைச் சந்தேகிக்க வேண்டும்.

கயோட்டிதான் என்றால், உங்கள் கருவியில் குறையில்லை. முயல் கதறலுக்குப் பசியோடு திரியும் இளசுகள்தான் சுலபமாக வரும். உங்கள் குட்டிகளைத் தூக்குவது அவையாக இருக்க வாய்ப்பு குறைவு. கலிபோர்னியாவின் ஹாப்லாண்ட் ஆராய்ச்சிப் பண்ணையில் கயோட்டிகளுக்கு ரேடியோ பட்டை கட்டிக் கண்காணித்தபோது, செம்மறிகளைக் கொன்றவை பெரும்பாலும் எல்லை பிடித்து வாழும் வளர்ந்த ஜோடிகள் என்று தெரிந்தது. வளையில் குட்டிகளுக்கு இரை தேட வேண்டிய மாதங்களில் அவற்றின் கை ஓங்கும். தினமும் அதே மேட்டில் அதே ஒலியைக் கேட்ட அந்த ஜோடி, இந்நேரம் அதை ஆபத்து என்று கற்றிருக்கும்.

அதனால் முயல் ஒலியை இப்போதைக்கு நிறுத்துங்கள். அதிரும் தகடான ரீடு வெளியே தெரியும் திறந்த ரீடு ஊதல் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. நாதஸ்வரச் சீவாளியைப் போல உதட்டழுத்தத்தில் குரல் மாறும். ரீடை உள்ளே தள்ளிக் கவ்வினால் அடித்தொண்டை ஊளை, நுனிப் பக்கம் கவ்வினால் கீச்சிடும் கயோட்டிக் குட்டி அழுகை. மூடிய ரீடு ஊதல் பழகச் சுலபம், ஆனால் கிட்டத்தட்ட ஒரே குரல்தான் வரும். குளிரில் எச்சில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

ஏப்ரல், மே மாதங்களில் வளையில் குட்டி இருக்கும். விடியற்காலையில் ஆட்டுக்குட்டி பறிபோன பக்கமாகப் போய், தனியாக அலையும் கயோட்டியின் ஊளையை இரண்டு முறை ஊதிவிட்டுச் சும்மா இருங்கள். தன் எல்லைக்குள் அந்நியன் வந்துவிட்டான் என்று ஜோடி பார்க்க வரலாம். ஐந்து நிமிடம் கழித்து குட்டி அழுகை, முதலில் மெதுவாக. பக்கத்திலேயே படுத்திருந்தால் உரத்த சத்தம் அதை விரட்டிவிடும். இருபது நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்துவிடுங்கள். அதே இடத்தில் மறுநாளே ஊத வேண்டாம்.

காற்றை மறக்காதீர்கள். கயோட்டி நேராக வராது. சுற்றிவந்து, ஒலி வரும் இடத்தின் வாடை தன் பக்கம் வீசும் இடத்தில் நின்று மோப்பம் பிடிக்கும். அந்தப் பக்கம் புதர் இல்லாத வெட்டவெளியாக இருக்கும்படி உட்கார்ந்து, கண்ணை அங்கேயே வையுங்கள். ஸ்பீக்கர் வைத்தால் உங்களிடமிருந்து முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, காற்று வரும் திசையில் வையுங்கள். கயோட்டியின் பார்வை உங்கள் மேல் விழாது.

காவல் நாய் வைத்திருந்தால் ஊதப்போகும் முன் பட்டியில் அடைத்துவிடுங்கள். கதறல் கேட்டு முதலில் ஓடிவருவது உங்கள் பைரனீஸ் நாயாகவே இருக்கும். அரையிருட்டில் அடையாளம் தெரியாமல் சுட்டுவிடக் கூடாது. பிறந்த குட்டிகளைச் சில வாரம் இரவில் வேலிக்குள் அடைப்பதும் அவசியம். ஊதல் மட்டுமே மந்தையைக் காப்பாற்றாது.

டெக்சாஸில் கயோட்டிக்குத் தடைக்காலம் கிடையாது, மின்னணு ஒலிக்கும் அனுமதி உண்டு. தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்கள் நரியிடம் முயன்றுவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அங்கே தொல்லை இருந்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள்.