தோட்டத்து வீடியோவில் டானிக்: விளம்பரமா, அனுபவமா?

கேள்வி: யூடியூபில் நான் தொடர்ந்து பார்க்கும் விவசாயி ஒருவர், தன் மிளகாய்த் தோட்டத்தில் ஒரு வளர்ச்சி டானிக் அடித்துக் காட்டி, "அருமையா வேலை செய்யுது" என்கிறார். வரவு செலவு, நஷ்டம் எதையும் மறைக்காதவர். காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நீங்கள் கண்டுபிடிக்கத் தேவையில்லை, அவரே சொல்லியாக வேண்டும். மத்திய அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, கம்பெனியிடம் பணமோ வேறு பலனோ பெற்றவர் அதை வீடியோவுக்குள்ளேயே வாயாலும் சொல்ல வேண்டும், எழுத்திலும் காட்ட வேண்டும். கீழே ஹேஷ்டேக் குவியலில் ஒளித்துவைத்தால் செல்லாது. ஏமாற்று விளம்பரம் என்று உறுதியானால் முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

"ட்ரையலுக்கு ரெண்டு பாட்டில் கொடுத்தாங்க, காசு வாங்கலையே" என்பார்கள். இலவச பாட்டிலும் பலன்தான். கம்பெனி செலவில் போன சுற்றுலாவும் அப்படியே. கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அடித்தவர் மட்டும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. சரி, அவரே கடைசியில் ஒரு தள்ளுபடி கூப்பன் கோடு கொடுத்து, அதில் விற்கும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் பங்கு வாங்கினால்? அப்போது சொல்லத்தான் வேண்டும். முதல் பாட்டிலுக்குக் காட்டும் பில் இதை மூடாது.

நஷ்டத்தை மறைக்காதவர் என்கிறீர்கள். பூச்சி அரித்த செடியைக் காட்டினால் பார்வையாளர் கூடுவார்கள். பாட்டில் யார் கொடுத்தது என்று சொன்னால் குறைவார்கள். அதனால் இரண்டாவதைக் கேளுங்கள். டானிக் அடிக்காத பாத்தியையும் காட்டச் சொல்லுங்கள்.

அவரைவிட எனக்குப் பயம், வீடியோவுக்குக் கீழே இருக்கும் வாட்ஸ்அப் நம்பர்தான். எத்தனை ஏக்கர் என்று கேட்டு, பணத்தை வாங்கி, கூரியரில் அனுப்பிவிடுவார்கள். பில் வராது. பயிர் கருகினால் அந்த நம்பர் எடுக்காது. 'இயற்கை' என்று விற்கும் டானிக்கில் ரசாயனப் பூச்சிமருந்து கலப்பதும் நடக்கிறது. இந்த டானிக் வகை 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டது. ஆணை காகிதத்தில் இருக்கிறது, பாட்டில் கூரியரில் போகிறது!

புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிடுங்கள், ஆனால் விசாரணை முடிவதற்குள் உங்கள் மிளகாய் வற்றலாகிவிடும். வயலுக்கு வர வேண்டிய அலுவலரை மானியப் பட்டியலுக்கு ஆதார் நகல் சேகரிக்க உட்காரவைத்திருக்கிறோம். அந்த இடத்தில்தான் யூடியூப் வந்து உட்கார்ந்தது.

வாங்கும் முன் லேபிளைப் படம் எடுத்து, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். போக முடியாவிட்டால் கிசான் கால் சென்டர், 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். அப்புறமும் வாங்குவதென்றால் உரிமம் உள்ள கடையில், பில்லோடு.