ஃபின்னொய் கொம்முன இப்போது இல்லை, பழைய காகிதம் செல்லுமா?

கேள்வி: நான் நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் வசிக்கிறேன். ஷேர்னாரொய் தீவுகளில் ஒரு சிறு வீடும் கடலோரப் படகுக் கொட்டகையும் விலைக்கு வருகின்றன. விற்பவர் இரண்டு காகிதங்கள் காட்டினார். 1963இல் எழுதியதில் ஷேர்னாரொய் என்றும், 1988இல் எழுதியதில் ஃபின்னொய் கொம்முன (கொம்முன என்றால் இங்கே உள்ளாட்சி) என்றும் இருக்கிறது. இந்த இரண்டு கொம்முனவும் இப்போது இல்லையாமே, அப்படியானால் இவை செல்லுமா? யாரிடம் கேட்பது?

பதில்: செல்லும். பெயர்ப் பலகைதான் போயிற்று, பொறுப்பு எங்கும் போகவில்லை. 2020 ஜனவரி 1 அன்று ஃபின்னொயும் பக்கத்து ரென்னெசொயும் ஸ்டவாங்கரோடு இணைந்தன, அந்த இரண்டும் கொடுத்த அனுமதி, போட்ட திட்டம், வாங்கிய கடன் எல்லாம் அப்படியே ஸ்டவாங்கர் கைக்கு வந்துவிட்டன. யூடபெர்க் ஊரில் இருந்த பழைய ஃபின்னொய் அலுவலகத்தைத் தேடி அலைய வேண்டாம், ஸ்டவாங்கர் கட்டடப் பிரிவுக்கு எழுதினால் போதும்.

ஆனால் உங்கள் இரண்டு காகிதமும் ஒரே வகை இல்லை, அதனால் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. நார்வேயில் உள்ளாட்சி 1837ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது, ஃபின்னொயும் 1838இலேயே கொம்முன ஆகிவிட்டது. எல்லைகளைப் பெரும்பாலும் தேவாலயப் பங்குகளை வைத்தே போட்டார்கள். (கணிதமேதை நீல்ஸ் ஹென்ரிக் ஏபல் 1802இல் பிறந்தபோது அவருடைய அப்பா ஃபின்னொய்ப் பங்கின் பாதிரியார். சென்னையில் பிறந்த ஸ்ரீனிவாச வரதன் 2007இல் வாங்கிய ஏபல் பரிசு இவர் பெயரில்தான்.) இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சின்னச் சின்ன கொம்முனக்களால் பள்ளிக்கூடமும் சாலையும் நடத்தி மாளாது என்று ஷெய் குழு ஒன்று போட்டு நாடு முழுக்க இணைக்கத் தொடங்கினார்கள். அந்த அலையில் 1965இல் ஷேர்னாரொயும், ஃபிஸ்டர் கொம்முனவிலிருந்து ஃபொங்ன் தீவும் ஃபின்னொயோடு சேர்ந்தன. ஓம்போ தீவை மட்டும் ஃபின்னொய்க்கு ஒரு பகுதி, பக்கத்து யெல்மெலான் கொம்முனவுக்கு ஒரு பகுதி என்று பிரித்து வைத்தார்கள், இன்றைக்கும் அந்தத் தீவு இரண்டு கொம்முனவில்தான் கிடக்கிறது.

இப்போது உங்கள் 1963 காகிதம். அது பெரும்பாலும் கட்டட அனுமதியாக இருக்காது, ஏனென்றால் நாடு முழுமைக்குமான கட்டடச் சட்டம் 1965இல் வந்து 1966இல்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன்பு இப்படிப்பட்ட தீவுகளில் வீடு கட்ட அநேகமாக யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது ஷில்தெலிங் என்ற நிலப்பிரிப்பு ஆவணமாக இருக்கலாம். நியமிக்கப்பட்ட உள்ளூர் ஆட்கள் எல்லையை நடந்து பார்த்து, கரையோரப் பெரிய கல்லிலிருந்து ஓடை வரை என்கிற மாதிரி எழுதிப் பதிவு செய்ததுதான் அது. கொம்முன கொடுத்ததே இல்லை. எனவே இதற்கு நில ஆவணப் பதிவை வைத்திருக்கும் கார்ட்வெர்க்கெத் என்ற அரசு அமைப்பைக் கேளுங்கள். அவர்கள் இணைய வரைபடத்தில் தெரியும் எல்லைக் கோட்டை அப்படியே நம்பிவிட வேண்டாம், இந்த மாதிரிப் பழைய மனைகளில் கோடு பல மீட்டர் தள்ளி இருப்பது சகஜம்.

1988 காகிதம் உண்மையான கொம்முன முடிவு. அந்தக் காலத்தில் கட்டட விவகாரத்தை பிக்னிங்ஸ்ரோட் என்ற கட்டடக் குழு பார்த்தது, குழுவைத் தேர்ந்தெடுத்தது கொம்முன மன்றம். குழுவின் தீர்மானத்தை அதன் எண்ணோடு கேட்டு வாங்குங்கள், விண்ணப்பத்தோடு போன வரைபடத்தையும் சேர்த்து. நார்வே மொழியின் இரண்டு எழுத்து வடிவங்களில் ஒன்றான நீநோர்ஸ்க்கில் எழுதியிருப்பார்கள். ஸ்டவாங்கர் கட்டடப் பிரிவில் கிடைக்காவிட்டால் நகரின் உல்லன்ஹெளக் பகுதியில் உள்ள ஆவணக் கட்டடத்தில், ரோகாலான் மாவட்ட உள்ளாட்சிகளின் கூட்டு ஆவணக்காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: ஃபின்னொயின் பழைய கொம்முன எண் 1141, ஸ்டவாங்கரின் எண் 1103. ஒரே கொம்முனவுக்குள் இரண்டு பண்ணைக்கு ஒரே எண் இருக்க முடியாதென்பதால் இணைப்பின்போது, மனையை அடையாளம் காட்டும் பண்ணை எண்ணும் மாறியிருக்கலாம். தேடும்போது பழைய எண், புதிய எண் இரண்டையும் கொடுங்கள்.

வேலை முடிந்த சான்று இல்லையே என்று விற்பவர் மழுப்பினால் அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், 1998 ஜனவரி 1க்கு முன் விண்ணப்பித்த கட்டடங்களுக்கு இப்போது அந்தச் சான்று கொடுப்பதே இல்லை. அதே சமயம் அனுமதி இல்லாமல் கட்டியதை இந்த விதி சட்டபூர்வமாக்கிவிடாது. படகுக் கொட்டகைதான் எனக்கு இடிக்கிறது. கடற்கரையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டத் தடை உண்டு, படகுக்கென்று அனுமதித்த கொட்டகையில் கட்டில் போட்டுச் சமையலறை வைத்தால் அது பயன்பாட்டு மாற்றம், தனி அனுமதி வேண்டும். விற்பவர் "கோடையில் இங்கேதான் தூங்குவோம்" என்று பெருமையாகச் சொன்னால் விலை பேசும் முன் அந்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், இனி என்ன கட்டலாம் என்பதற்குப் பழைய ஃபின்னொய்த் திட்டங்களையும் பாருங்கள், புதிய திட்டம் வந்து மாற்றும் வரை அவையே செல்லும். உள்ளூரில் பேச ஃபின்னொய்க்கென்று ஒரு பகுதிக் குழு இருக்கிறது, ஆனால் அது முக்கியமாகக் கருத்துச் சொல்லும் குழு, முடிவெடுப்பது 67 பேர் கொண்ட ஸ்டவாங்கர் மன்றமும் அதன் நிர்வாகமும். இதில் தீவுக்காரர்களுக்கு வருத்தம் இருந்தால் நியாயம்தான், மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கென்று தனி மன்றம் இருந்த இடம் அது. இருந்தாலும் 1992இல் ரென்னெசொய்க்கும் 2009இல் ஃபின்னொய்க்கும் கடலடிச் சுரங்கச் சாலை வந்த பிறகு நகரம் பக்கத்தில் வந்துவிட்டது. சாலை இணைப்பே இல்லாத பக்கத்துத் தீவான க்வித்சொய், சுமார் ஐந்நூறு பேரோடு, இன்னும் தனி கொம்முனவாகவே இருக்கிறது.

விலைக்கு ஒப்புக்கொள்ளும் முன், கொட்டகையின் அனுமதி எழுத்தில் கிடைத்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனையை உங்கள் விலைக்கோரிக்கையிலேயே எழுதிவிடுங்கள். நார்வேயில் விற்பவர் ஏற்றுக்கொண்ட கோரிக்கை உங்களைக் கட்டுப்படுத்தும், பிறகு எழுதி எந்தப் பயனும் இல்லை.