பூசணம் பூத்த புண்ணாக்கும் மகளின் பால் டம்ளரும்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். ஐப்பசி மழையில் தாழ்வாரத்தில் கிடந்த கடலைப் புண்ணாக்கு மூட்டை நனைந்து, பச்சையாகப் பூசணம் பிடித்துவிட்டது. காசு போட்டு வாங்கியதை வீணாக்க மனம் வரவில்லை. பூசணத்தைத் தட்டி, வெயிலில் காயவைத்து, மூன்று வாரமாக ஊறப்போட்டு மாட்டுக்கு வைக்கிறோம். நான்கு வயது மகள் தினம் இரண்டு டம்ளர் பால் குடிக்கிறாள். நன்றாகக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன். மீதியைச் சங்கத்துக்கு ஊற்றுகிறோம். பயப்பட வேண்டுமா டாக்டர்?
- ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, இன்று மாலைத் தீவனத்திலிருந்தே அந்தப் புண்ணாக்கை நிறுத்திவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

தட்டினால் பூசணம் உதிரும். அது உள்ளே விட்டுவைத்த நஞ்சு உதிராது. அஃப்ளாடாக்சின் என்று பெயர். கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தேடியபோது தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரிய வந்ததே அப்படித்தான்.

மாடு தின்ற நஞ்சில் ஒரு சிறு பங்கை அதன் கல்லீரல் 'எம்1' என்ற வடிவத்துக்கு மாற்றிப் பாலில் விடுகிறது. காலையில் வைத்த தீவனம் மறுநாள் பாலில் தெரிந்துவிடும். எத்தனை முறை பொங்கக் காய்ச்சினாலும் இது அழியாது. தயிராக்கினாலும் தீராது. பனீரிலோ இன்னும் செறிந்துவிடும். இது உங்கள் வீட்டோடு நிற்கும் பிரச்சினையும் அல்ல. 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது, 368-இல் இந்த நஞ்சு வரம்பை மீறியிருந்தது. அவற்றில் 88 தமிழ்நாட்டு மாதிரிகள்.

மகளைப் பற்றி. பாலில் வரும் அளவு மிகச் சிறியது. மூன்று வாரம் குடித்ததால் அவள் கல்லீரல் கெட்டுப்போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. துறுதுறுவென்று ஓடி, பசித்துச் சாப்பிடுகிறாள் என்றால் ரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். கண் மஞ்சளித்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, வயிறு வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பயப்பட வேண்டியது வருடக்கணக்கில் உடம்பில் சேர்வதற்குத்தான். அது கல்லீரல் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். ஹெபடைட்டிஸ் பி கிருமியும் உடம்பில் இருந்துவிட்டால் ஆபத்து பல மடங்கு. அதனால் அவளுடைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பிறந்தவுடனும், 6, 10, 14 வாரங்களிலும் போட்டது பதிவாகியிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் இப்போதும் போடலாம்.

நல்ல தீவனத்துக்கு மாறிய சில நாட்களில் பால் தெளிந்துவிடும். நான் ஒரு வாரம் என்று கணக்கு வைக்கச் சொல்வேன். அதுவரை மகளுக்கு வேறு பால் வாங்கிக் கொடுங்கள். சங்கத்திலும் விஷயத்தைச் சொல்லி, ஊற்றுவதை நிறுத்துங்கள். ஒரு வார வருமானம் போவது உங்களுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாலும் ஏதோ ஒரு வீட்டில் நான்கு வயதுக் குழந்தைக்குத்தான் போகிறது. மாடுகள் தீனி எடுக்கத் தயங்கினாலோ, கறவை குறைந்திருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கன்றுக்கு என்ன கொடுப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

அடுத்த மூட்டையைத் தரையில் போடாமல், சுவரில் ஒட்டாமல், பலகை மேல் வையுங்கள். வீட்டுக் கடலையை ஆட்டக் கொடுப்பவர் என்றால் ஒன்று கவனியுங்கள்: காயைக் காதருகே வைத்து ஆட்டினால் பருப்பு கலகலவென்று சத்தம் போட வேண்டும். சத்தம் வராவிட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. சுருங்கியது, கறுத்தது, பூசணம் பட்டது எதையும் செக்குக்கு அனுப்பாதீர்கள். நஞ்சின் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கினாலும், கொஞ்சம் எண்ணெயோடும் வரும்.

மிச்சமிருக்கும் புண்ணாக்கைக் கோழிக்கும் போட வேண்டாம், நல்ல தவிட்டில் கலந்து தீர்க்கவும் வேண்டாம். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கிணற்றிலிருந்து தள்ளி, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.