விரல் வெளியே, கை கதகதப்பாக

கேள்வி: கம்பளிப் பின்னலின் அடிப்படையான நிட், பர்ல் இரண்டும் எனக்கு வரும், மஃப்ளர் பின்னியிருக்கிறேன். விரலில்லாத கையுறை, அதுவும் லேஸ் மாதிரி ஓட்டை ஓட்டையாக, பின்ன ஆசை. வட்டமாகப் பின்னும் ஊசி இல்லை, சாதாரண ஊசி இரண்டுதான். முடியுமா? – வாசகி, குன்னூர்

பதில்: தாராளமாக. ஒரு செவ்வகத் துண்டு பின்னி, பக்கவாட்டில் தைத்து, கட்டைவிரலுக்கு மட்டும் வழி விட்டால் கையுறை ஆகிவிடும். தையல் ஓரத்தில் வருவதால் இடது, வலது வித்தியாசமும் இல்லை, ஒரே மாதிரி இரண்டு பின்னினால் போதும்.

லேஸ் என்றதும் பயப்பட வேண்டாம். நூலை ஊசிக்கு முன்னால் கொண்டுவந்து அடுத்த கண்ணியை (ஊசியில் நிற்கும் வளையத்தை) பின்னினால் ஒரு ஓட்டையும் ஒரு கூடுதல் கண்ணியும் வரும், அந்தக் கூடுதலை ஈடுகட்ட வேறொரு இடத்தில் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுகிறோம், அவ்வளவுதான் வித்தை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாண்ட் தீவுகளில், மோதிரத்துக்குள் நுழைத்து இழுக்கிற அளவுக்கு மெல்லிய சால்வைகளைப் பின்னியவர்களும் இந்த இரண்டு வேலையைத்தான் மாற்றி மாற்றிச் செய்தார்கள். அவர்களுடைய அலை டிசைன் ஒன்றையே உங்களுக்குச் சொல்கிறேன், முதல் லேஸுக்கு அதைவிடச் சுலபமானது கிடைக்காது.

டபுள் நிட்டிங் என்கிற நடுத்தரத் தடிமனான கம்பளி நூல், ஒரு ஜோடிக்கு 50 கிராம் பெரும்பாலும் போதும். 10-ம் நம்பர் ஊசியில் 38 கண்ணி தளர்வாகப் போட்டு, இரண்டு நிட் இரண்டு பர்ல் என்று 5 செ.மீ. ரிப், அதாவது இழுத்தால் நீளும் பட்டை. அப்புறம் 8-ம் நம்பர் ஊசிக்கு மாறுங்கள். முதல் வரிசை நிட், இரண்டாவது பர்ல். மூன்றாவதில்தான் விஷயம்: ஓரத்தில் ஒரு நிட், பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று முறை, நூல் முன்னால் போட்டு ஒரு நிட் என்று ஆறு முறை, மறுபடி இரண்டிரண்டாக மூன்று முறை. இது 18 கண்ணி. இன்னொரு தடவை இதையே செய்து, கடைசி ஓரத்தில் ஒரு நிட். நான்காவது வரிசை முழுக்க நிட். இந்த நான்கு வரிசையைத் திரும்பத் திரும்பப் பின்னி, டிசைன் மட்டும் 9 செ.மீ. வந்ததும் மேலே 2 செ.மீ. ரிப் போட்டு தளர்வாக முடியுங்கள் (மேல் ரிப்புக்குப் பதில் அந்த 2 செ.மீ.க்கும் டிசைனையே பின்னினால் ஓரம் அலை அலையாக நிற்கும், எனக்கு அதுதான் பிடிக்கும்). தைக்கும்போது கீழ் ரிப்பையும் அதற்கு மேல் நாலரை செ.மீ.யையும் தைத்து, அடுத்த நாலரையைக் கட்டைவிரலுக்கு விட்டு, மிச்சத்தைத் தையுங்கள்.

ஒவ்வொரு லேஸ் வரிசை முடிந்ததும் எண்ணுங்கள், 38-க்குக் குறைந்தால் எங்கேயோ நூலை முன்னால் போட மறந்திருப்பீர்கள். சரியாக வந்த வரிசையின் கண்ணிகளுக்குள் வேறு நிறத் தையல் நூல் ஒன்றை ஓட்டி வைத்துக்கொண்டால், பிரிக்க நேர்ந்தாலும் அந்த இடத்தோடு நின்றுவிடும். கை பெரிதாக இருந்தால் கண்ணியைக் கூட்டாதீர்கள், டிசைன் 18, 18-ஆகத்தான் ஏறும், ஒரேயடியாகத் தொளதொளவென்று ஆகிவிடும். ஊசியை ஒரு நம்பர் தடிமனாக மாற்றினாலே சரியாகும்.

கேள்வி: மகள் டொரன்டோவில் இருக்கிறாள், அவளுக்குப் பின்னி அனுப்ப வேண்டும். அக்ரிலிக் நூல் மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா? ஓட்டை வழியாகக் குளிராதா? – வாசகி, சென்னை

பதில்: குளிரும். ஜனவரி மாத டொரன்டோவுக்கு இது ஆகவே ஆகாது, அக்டோபரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனைத் தட்ட வசதியாக இருக்கும், அவ்வளவே. பனிக்காலத்துக்கு இதன்மேல் முழுக் கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

நூல் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி, லேஸுக்குக் கம்பளிதான். ஊசியிலிருந்து எடுத்ததும் லேஸ் கசங்கிய துணி போலத்தான் இருக்கும், அதைப் பார்த்து மனசு விட்டுவிடக் கூடாது. தைப்பதற்கு முன்பே வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, ஓட்டைகள் விரியும்படி இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட்டால் கம்பளி அப்படியே நிற்கும். அக்ரிலிக் வெறும் தண்ணீருக்கு அசையாது, ஆவி காட்டினால் விரியும், ஆனால் கொஞ்சம் சூடு அதிகமானாலும் துவண்டு போய்விடும், பிறகு மீட்கவே முடியாது. மகள் வாஷிங் மெஷினில் போடுகிறவள் என்றால் சூப்பர்வாஷ் என்று லேபிளில் இருக்கிற கம்பளியாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரணக் கம்பளி சூடான தண்ணீரில் உருண்டு புரண்டால் சுருங்கி பொம்மைக்குத்தான் ஆகும்.

கேள்வி: அமெரிக்க பேட்டர்னில் 6-ம் நம்பர் ஊசி என்று இருந்தது. இங்கே 6-ம் நம்பர் வாங்கிப் பின்னினேன், பை மாதிரி வந்திருக்கிறது. – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் கணக்கு, அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கு நேரெதிர். அவர்களுடைய 6 என்பது 4 மி.மீ., நமக்கு அது 8. நம்முடைய 6 வாங்கினால் 5 மி.மீ. கையில் வரும், பை வராமல் என்ன செய்யும்! நம்பரை மறந்துவிட்டு மி.மீ. கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சீரியல் பார்த்துக்கொண்டே லேஸ் பின்னலாமா? – வாசகி, திருச்சி

பதில்: மேலே சொன்ன டிசைனில் மூன்று வரிசை தாராளமாகப் பின்னலாம். அந்த மூன்றாவது வரிசையை மட்டும் விளம்பரம் வரும்போது வைத்துக்கொள்ளுங்கள்.