கார்டு தேய்ச்சா ஊர் சுத்தலாமா? அண்ணாச்சி பதில்கள்

இந்த வாரம் வந்த கடுதாசில பாதிக்கு மேல கிரெடிட் கார்டு, அதுல செலவு பண்ணா கெடைக்க பாயிண்ட், அதை பிளைட் டிக்கெட்டுக்கு மாத்துற ஏர் மைல்ஸ்னுதான் இருக்கு. எவன் கிளப்பிவிட்டான்னு தெரியல. அதனால குற்றால சீசன் கேள்வி, அரசியல் கேள்வி எல்லாத்தையும் அடுத்த வாரத்துக்கு தள்ளிட்டேன், யாரும் கோவிச்சுக்காதீங்க.

அண்ணாச்சி, நான் டீச்சரா இருக்கேன். மகன் சென்னைல வேலை பாக்கான், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா நானும் அவன் அப்பாவும் ரயில்ல போய் பாத்துட்டு வருவோம். பேங்க்ல இருந்து ஒரு தம்பி ஸ்கூலுக்கே வந்து, டிராவல் கார்டு எடுங்க மேடம், இனிமே பிளைட்ல ஃப்ரீயா போலாம்னு சொல்லுதாரு. வருஷத்துக்கு 5,000 ரூபா ஃபீஸாம். எடுக்கலாமா?
*ஆசிரியை, பாளையங்கோட்டை*

டீச்சரம்மா, அந்த தம்பி கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "ஒரு பாயிண்ட் எத்தனை பைசாப்பா?" அதுக்கு நேரா பதில் சொல்லாம ஏர்போர்ட்ல ஓசில சாப்பிட்டு உக்காருற லவுஞ்ச், வெல்கம் கிஃப்ட்னு பேச்சை மாத்துனார்னா உங்களுக்கே வெளங்கிரும்.

கணக்கு போட்டு பாத்துருவோம். 5,000 ஃபீஸுன்னு சொன்னா கூட 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கு, ஆக 5,900. நீங்க மாசம் 30,000 ரூபா கார்டுல செலவு பண்ணுதீங்கன்னு வச்சுக்கோங்க, வருஷத்துக்கு 3,60,000. நூறு ரூபாய்க்கு 2 பாயிண்ட் கொடுக்காங்கன்னா 7,200 பாயிண்ட். அதை பிளைட் டிக்கெட்டுக்கு மாத்தி ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய்க்கு போச்சுன்னா 7,200 ரூபா, ஃபீஸ் போக கைல நிக்கது 1,300. அதே பாயிண்ட குடுத்து அவங்க கேட்லாக்ல இருக்க மிக்ஸி, டின்னர் செட் எடுத்தீங்கன்னா பல கார்டுல 25 பைசா கூட தேறாது, 25 பைசான்னே வச்சாலும் 1,800 ரூபா, அப்போ 4,100 ரூபா கைநட்டம். இதுல பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்ல ஏத்துற துட்டு, வரி இதுக்கெல்லாம் நெறைய கார்டுல பாயிண்டே கெடையாது, இன்சூரன்ஸுக்கு குறைச்சு கொடுப்பாங்க, அதனால 30,000 செலவு பண்ணா 30,000க்கும் பாயிண்ட் வரும்னு நெனைச்சுராதீங்க. ஃபீஸே இல்லாம ஒரு சதவீதம் கேஷ்பேக் கொடுக்க சாதா கார்டு இருந்தா, அதே செலவுக்கு 3,600 ரூபா பேசாம வந்து விழுந்துட்டு போகும்.

அப்புறம் முக்கியமான சங்கதி. நீங்க போறது ரயில்ல. பிளைட்னா வாகைகுளத்துல உள்ள தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்கு போயி ஏறணும், மகன் வீட்டுக்கு கொண்டு போற அரிசி மூட்டை, வத்தல் வடகம், தேங்காய் எல்லாத்தையும் எடை போட்டு துட்டு கேப்பான். நெல்லை எக்ஸ்பிரஸ்லயோ வந்தே பாரத்துலயோ போறவங்களுக்கு ஏர் மைல்ஸ் என்னத்துக்கு? ஐஆர்சிடிசி கூட பேங்குக சேந்து கொடுக்க கார்டு இருக்கு, எஸ்பிஐ கார்டுல ரொம்ப வருஷமா இருக்கு, மத்த பேங்க்லயும் வந்துருக்கு. வருஷ ஃபீஸ் சில நூறு ரூபாதான். ஏசி டிக்கெட்டை ஐஆர்சிடிசில அந்த கார்டு போட்டு எடுத்தா பத்து சதவீதம் வரைக்கும் பாயிண்டா திரும்பி வரும், அந்த பாயிண்ட வச்சே அடுத்த டிக்கெட் எடுக்கலாம். வந்தே பாரத் முழுக்க ஏசிதானே, அதுவும் கணக்குல வரும். ஆனா நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஸ்லீப்பர்ல போறவங்களுக்கு இந்த பத்து சதவீதம் கெடையாது, அதை மறைச்சு விக்காங்க. எந்த கார்டா இருந்தாலும் இன்னைக்கு தேதில விதி என்னன்னு பேங்க் ஆப்ல ஒருதரம் வாசிச்சுட்டு கையெழுத்து போடுங்க, இவங்க மாசத்துக்கு ஒண்ணு மாத்துவாங்க.

லவுஞ்சும் அப்படித்தான். முந்தின மூணு மாசத்துல இவ்வளவு செலவு பண்ணாத்தான் உள்ள விடுவோம்னு நெறைய பேங்க் ஆக்கிட்டாங்க. ஓசி இட்லிக்காக அரை லட்சம் தேய்க்க சொல்லுதான், சவத்த தள்ளுங்க.

பொங்கலுக்கு டிக்கெட் எடுத்துட்டு கேன்சல் பண்ணா பாயிண்ட் நமக்கு இருக்குமா?
*வாசகர், பேட்டை*

இருக்காது. துட்டு கார்டுக்கு திரும்பும்போது பாயிண்ட்டையும் எடுத்துக்குவான். கேன்சல் சார்ஜ் மட்டும் உங்க தலைல. இன்னொண்ணு, இப்போ முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி ஆயிட்டு, அதனால பொங்கலுக்கு ரயில் ஏறுறதுக்கு முன்னாடியே பில் கட்டுற தேதி வந்துரும். பில் போடுற தேதிக்கு அடுத்த நாள் எடுத்தீங்கன்னா கட்டுறதுக்கு 45, 50 நாள் வரைக்கும் டைம் கெடைக்கும், முந்தின நாள் எடுத்தா 20 நாள்தான்.

வாப்பா, உம்மா ரெண்டு பேரும் உம்ராவுக்கு போறாங்க. சவுதில செலவுக்கு என் கிரெடிட் கார்டை கொடுத்து விடலாமா, பாயிண்ட்டும் வரும்லா?
*வாசகர், மேலப்பாளையம்*

தம்பி, பாயிண்ட் வரும், அதைவிட ஜாஸ்தி போகும். நம்ம ஊர் கார்டை வெளிநாட்டுல தேய்ச்சா ஃபாரெக்ஸ் மார்க்கப்னு ஒண்ணு போடுவான், முக்கால்வாசி கார்டுல 3.5 சதவீதம், அதுக்கு மேல ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். ஒரு லட்ச ரூபாய்க்கு ரியால்ல செலவு பண்ணா 4,130 ரூபா தண்டம், பாயிண்ட் ஒரு சதவீதம்னு வச்சா வரவு ஆயிரம். இதுக்கு பேரு ரிவார்டா? மார்க்கப் இல்லாத கார்டும் சில பேங்க்ல இருக்கு, அது கெடைச்சா எடுங்க. இல்லைன்னா ரியால் ஏத்துன ஃபாரெக்ஸ் கார்டு வாங்கி கொடுங்க, வயசானவங்களுக்கு அதுதான் சௌரியம், தொலைஞ்சாலும் அதுல உள்ளது மட்டுந்தான் போகும்.

உங்க பேர்ல உள்ள கார்டை அடுத்தவங்க கைல கொடுக்கவே கூடாது, வாப்பாவா இருந்தாலும். வாப்பா பேர்ல ஆட்-ஆன் கார்டு கேட்டு வாங்கலாம், லிமிட் ஒண்ணுதான், பில் உங்களுக்குத்தான் வரும். வாங்குனா போறதுக்கு முன்னாடி ஆப்ல உள்ள இன்டர்நேஷனல்ங்கிற பட்டனை ஆன் பண்ணணும், புது கார்டுல அது ஆஃப்லதான் இருக்கும், ஜித்தால எறங்குன பொறவு மெஷின்ல கார்டு எடுக்கலன்னு உங்களுக்கு ராத்திரி போன் வரும். ஓடிபி எந்த நம்பருக்கு போகுதுன்னு பாத்து அந்த சிம்முக்கு ரோமிங் போடுங்க.

கடைல மெஷினை நீட்டி "இந்தியன் ருப்பீயா, ரியாலா"ன்னு கேப்பான். ரூபான்னு பாத்ததும் நம்ம துட்டாச்சேன்னு அதை அமுக்கிருவாங்க, அங்கனதான் அடி விழும், அந்த மாத்துற ரேட்டுலயே அவன் லாபத்தை சேத்துருப்பான். ரியால்னு அமுக்க சொல்லுங்க. உம்மாவுக்கு ஒரு சீட்டுல எழுதியே கொடுத்துருங்க. அங்க போயி கிரெடிட் கார்டு போட்டு ஏடிஎம்ல மட்டும் எடுக்க வேண்டாம், எடுத்த நிமிஷத்துல இருந்து வட்டி ஓடும், எடுக்கதுக்குன்னு தனி ஃபீஸும் இருக்கு.

மகளுக்கு கல்யாணம் வச்சிருக்கோம் அண்ணாச்சி. டவுண் ரதவீதில நகை எடுக்கணும், நாலு லட்சம் வரும். அதை கார்டுல போட்டா பாயிண்ட்லயே மாப்பிள்ளை, பொண்ணு மூணாறோ கோவாவோ போயிட்டு வரலாம்னு என் மச்சினன் சொல்லுதான்.
*வாசகர், அம்பாசமுத்திரம்*

மச்சினன் நல்லவர்தான், ஆனா மூணு எடத்துல இடிக்கும். மொதல்ல, தங்கத்துக்கு சில கார்டுல பாயிண்டே கெடையாது. ரெண்டாவது, நகைக்கடைல கார்டுன்னா ரெண்டு சதவீதம் கூட ஆகும்பாங்க, நாலு லட்சத்துக்கு 8,000 ரூபா, உங்களுக்கு வர்ற பாயிண்ட் ஒரு சதவீதம்னா 4,000. ஹனிமூனுக்கு போற மாதிரி இல்லையே, நகைக்கடைக்காரர் போற மாதிரில்லா இருக்கு. மூணாவதுதான் பெருசு. அந்த நாலு லட்சம் இப்போ கைல இருக்கா, இல்ல மொய் வந்த பொறவு கட்டிக்கலாம்னு இருக்கீங்களா? மொய்ய நம்பி தேய்ச்சு, தேதிக்குள்ள கட்ட முடியலன்னா மாசம் 3.5 சதவீதம் வட்டின்னு வச்சா 14,000, அதுக்கு ஜிஎஸ்டி 2,520, ஒரே மாசத்துல 16,520 ரூபா. மினிமம் கட்டுனா போதும்னு பில்லுல போட்டுருப்பான், அது போதாது, மினிமம் கட்டுனா லேட் ஃபீஸ் வராது, வட்டி வரத்தான் செய்யும், அடுத்து வாங்குற பாலு, பருப்புக்கும் வாங்குன அன்னைல இருந்தே வட்டி ஏறும்.

துட்டு முழுசா கைல இருந்து, கடைக்காரர் கூட எதுவும் கேக்காம, உங்க கார்டுல தங்கத்துக்கு பாயிண்ட்டும் இருந்தா தாராளமா தேய்ங்க. சில கார்டுல வருஷத்துக்கு இவ்வளவு லட்சம் தாண்டுனா ஃபீஸ் தள்ளுபடின்னு இருக்கும், கல்யாண வருஷத்துல அது சுளுவா தாண்டும். ஈஎம்ஐயா மாத்திக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, தங்க நகைக்கு பேங்க் பொதுவா விடாது.

கூட்டாளி மொபைல் கடை வச்சிருக்கான். அவன் மெஷின்ல தேய்ச்சா ரெண்டு சதவீதம் பிடிச்சுட்டு ரொக்கமா தாரான், பாயிண்ட்டும் ஏறுது. இது நல்ல ஐடியாதானே?
*வாசகர், சங்கரன்கோவில்*

கோட்டித்தனம். பொருளே வாங்காம தேய்க்கது கார்டு விதிக்கு ஆகாது, மாசாமாசம் ஒரே கடைல ரவுண்டு ரவுண்டா அம்பதாயிரம் விழுந்தா பேங்க்ல உள்ளவன் பாத்துட்டுதான் இருப்பான். கார்டை முடக்குவான், ஏறுன பாயிண்ட்டையும் பிடுங்குவான், கூட்டாளியோட மெஷினும் போகும்.

எங்க பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல டீக்கடை வரைக்கும் யூபிஐதான். கார்டுக்கு எங்கன வேலை?
*வாசகர், பாவூர்சத்திரம்*

ரூபே கிரெடிட் கார்டுன்னா யூபிஐ ஆப்லயே சேத்துக்கலாம், 2022ல ரிசர்வ் பேங்க் அதுக்கு வழி விட்டுட்டு. விசா, மாஸ்டர் கார்டுல இது நடக்காது. கடைக்காரர் வச்சிருக்க க்யூஆர் வியாபாரக் கணக்குல இருக்கணும், அவர் சொந்த நம்பர்ல உள்ள க்யூஆர்னா கார்டுல இருந்து போகாது. யூபிஐல போற செலவுக்கு பாயிண்ட் குறைச்சு கொடுக்க கார்டும் இருக்கு, கேட்டு வாங்குங்க.

ரிட்டயர்டு ஆளு நான், பென்ஷன் கம்மி. எந்த பேங்கும் கார்டு தர மாட்டேங்குது.
*வாசகர், கல்லிடைக்குறிச்சி*

ஐயா, பேங்க்ல ஒரு எஃப்டி போட்டு அதை ஈடா காட்டி கார்டு கேளுங்க, சம்பளச் சீட்டு கேக்க மாட்டாங்க, எஃப்டிக்கு வட்டியும் பாட்டுக்கு வரும். ஒழுங்கா கட்டுனா, கடனை எப்படி கட்டுதோம்னு பாத்து போடுற மார்க்கான சிபில் ஸ்கோரும் ஏறும்.

துபாய்ல பத்து வருஷம் இருந்துட்டு வந்துட்டேன். கார்டுல பாயிண்ட் சேத்துக்கிட்டே இருக்கேன், நாலஞ்சு வருஷம் போனா குடும்பத்தோட சிங்கப்பூர் போயிரலாம்னு கணக்கு.
*வாசகர், வள்ளியூர்*

பாயிண்ட்ட பூட்டி வைக்காதீங்க. அதுக்கு வட்டி கெடையாது, மதிப்பு எறங்கத்தான் செய்யும், நெறைய கார்டுல ரெண்டு மூணு வருஷத்துல காலாவதியும் ஆகும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல்ல பறக்கதை நிப்பாட்டிட்டு, அதுல பறக்கலாம்னு மைல் சேத்தவங்க பாடு திண்டாட்டம். விஸ்தாரா 2024 நவம்பர்ல ஏர் இந்தியாவோட சேந்துட்டு, அந்த பாயிண்ட் எல்லாம் ஏர் இந்தியா கணக்குக்கு போச்சு, விஸ்தாரா பேர்ல வித்த கார்டுகளும் நின்னு போச்சு. கம்பெனியே மாறிரும்போது நீங்க போட்ட அஞ்சு வருஷ கணக்கு எங்கன நிக்கும்?

ஏர்லைன் கணக்குக்கு பாயிண்ட்ட மாத்துனா திரும்ப கார்டுக்கு வராது, அதனால சீட் இருக்கான்னு பாத்துட்டு பொறவு மாத்துங்க. பள்ளிக்கூட லீவு நாள்ல பாயிண்ட் சீட் கெடைக்கது கஷ்டம். உங்களுக்கு திருவனந்தபுரம் பக்கம்தானே, மதுரை விலையையும் வச்சு ஒப்பிட்டு பாத்துட்டு எடுங்க. பாயிண்ட்ல எடுத்தாலும் வரியும் ஏர்போர்ட் கட்டணமும் கைல இருந்து கட்டணும், "ஃப்ரீ டிக்கெட்"டுக்கு ஒரு ஆளுக்கு சில ஆயிரம் எடுத்து வைங்க.

"உங்க 9,850 பாயிண்ட் இன்னைக்கு ராத்திரியோட முடியுது, இந்த ஆப்பை இறக்குங்க"ன்னு வாட்ஸப்ல பேங்க் படத்தோட வந்துருக்கு.
*வாசகி, சுரண்டை*

தொடாதீங்கம்மா. பேங்க் வாட்ஸப்ல ஆப் அனுப்பாது. அமுக்கியிருந்தா உடனே கார்டை பிளாக் பண்ணிட்டு சைபர் கிரைம் நம்பர் 1930க்கு போன் போடுங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.

ஒரு கார்டை மூடணும்னு ஆறு மாசமா போன் பண்ணுதேன், மேடம் உங்களுக்கு ஃபீஸ் பாதியாக்குறோம், வவுச்சர் தாரோம்னு இழுத்தடிக்காங்க.
*வாசகி, திசையன்விளை*

போன்ல பேசாதீங்க, மெயில்ல எழுதுங்க, தேதி நிக்கும். பாக்கி எதுவும் இல்லைன்னா நீங்க கேட்ட ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும்னு ரிசர்வ் பேங்க் 2022ல விதி போட்டுருக்கு. தாண்டுனா மூடுற வரைக்கும் நாளைக்கு 500 ரூபா அவங்க உங்களுக்கு கொடுக்கணும். இந்த ரெண்டு வரியையும் மெயில்லயே போட்டுருங்க, வவுச்சர் பேச்சு நின்னுரும். பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்ட்ட ஆன்லைன்லயே புகார் கொடுக்கலாம், துட்டு கெடையாது. மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி கெடக்குற பாயிண்ட்ட எடுத்துருங்க, கார்டு மூடுனா அதுவும் சேந்து போயிரும்.