முதலில் பேசிக் எவ்வளவு என்று கேளுங்கள், தம்பி

தண்டையார்பேட்டையில் வெல்டராக இருக்கிறீர்கள், சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் மாதம் 900 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) வேலை இருப்பதாக ஏஜென்ட் சொல்கிறார், ஊரும் சாப்பாடும் பழக எத்தனை நாள் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காசிமேடு. இங்கே வந்து 14 வருடம் ஆகிறது.

ஊர் தானாகப் பழகிவிடும். புழுக்கம் நம்ம ஊர் மாதிரிதான். தமிழ் இங்கே ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தேக்கா என்கிற லிட்டில் இந்தியா பக்கம் போனால், தீபாவளி நேரத்து வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மாட்டிக்கொண்டது போல இருக்கும்.

நீங்கள் கேட்காமல் விட்டதுதான் முக்கியம். அந்த 900இல் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு?

எனக்கும் 900 என்றுதான் சொன்னார்கள். ஐபிஏ, அதாவது வேலை பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதத்தைச் சரியாகப் படிக்காமலே பணம் கட்டினேன். பேசிக் 600, அலவன்ஸ் 300. கூட்டினால் அதே 900 தானே என்று தோன்றும். ஆனால் ஓட்டி, அதாவது ஓவர்டைம் கணக்கு பேசிக்கை வைத்துத்தான். மாத பேசிக்கை 12ஆல் பெருக்கி, 52 வாரத்துக்கும் வாரம் 44 மணி நேரத்துக்கும் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. ஓட்டிக்கு அதில் ஒன்றரை மடங்கு. பேசிக் 900 என்றால் ஓட்டி மணிக்கு 7.08 வெள்ளி, 600 என்றால் 4.72. சட்டப்படி மாதம் 72 மணி நேரம் வரை ஓட்டி பார்க்கலாம். முழுசாகப் பார்த்த மாதங்களில் மாதத்துக்கு 170 வெள்ளி நஷ்டம். ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் ஐபிஏ கைக்கு வந்து, படித்துப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். லெவி, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசுக்குக் கட்டும் வரி, முதலாளி கட்ட வேண்டியது. அதைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் தப்பு. மனிதவள அமைச்சில் புகார் கொடுக்கலாம். சொல்வது சுலபம்தான், முதல் வருடம் நான் வாயே திறக்கவில்லை.

டார்மிட்டரியில் அறைக்கு 12 பேர் இருந்தோம். ஷிஃப்ட் முடிந்து வந்தால் அடுப்புக்கு வரிசை. அம்மா கட்டிக்கொடுத்த நெத்திலிக் கருவாட்டை ஒரு மாதம் தொடவில்லை, நாற்றம் என்று யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்களோ என்று. ஒரு ராத்திரி ஆசை தாங்காமல் வாணலியில் போட்டேன். பக்கத்து அடுப்பில் நின்ற வங்கதேசக்காரர் மூக்கை உறிஞ்சி, "சுட்கி?" என்றார். அவர்கள் ஊரில் கருவாட்டுக்கு அதுதான் பெயராம். தன் பங்குக்கு வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டார். அன்றிலிருந்து கூட்டுச் சமையல். என் சம்பளச் சீட்டை வாங்கி, எது பேசிக், எது அலவன்ஸ் என்று விரல் வைத்துக் காட்டியவரும் அவர்தான். ஏஜென்ட் சொல்லாததைச் சொல்ல எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

அப்புறம், கருவாடு கொண்டுவருவதானால் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்கி மூன்று கவர் போட்டுக் கட்டுங்கள். என் பெட்டியில் இருந்த சட்டையெல்லாம் நாறி, ஒரு வாரம் ஒரே பேஜார்.